மாமன் மடியில் உட்கார வைக்கலாமா?

கேள்வி: போன மே மாதம் என் தம்பி குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியைச் சுற்றிக் குதிரையில் போகணும் என்று என் மகள் (11 வயது) அடம்பிடித்தாள். அவளை ஒரு குதிரையில் ஏற்றிவிட்டு, "நீங்களும் ஏறுங்க மச்சான்" என்று என் கணவரை இன்னொன்றில் ஏற்றியது என் தம்பிதான். ஹெல்மெட் எதுவும் தரவில்லை. பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்ததும் அவர் குதிரை மிரண்டு ஓடியது. விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கட்டு, ஆபரேஷன். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார். "குணமாகிட்டாரே" என்கிறார்கள். ஆனால் பழைய ஆள் இல்லை. சட்டென்று கோபம், மறதி, பகலெல்லாம் அசதி. அரசுப் பேருந்தில் கண்டக்டர். டிக்கெட் கணக்கு தடுமாறுகிறது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். தம்பி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்ததோடு சரி. வரும் ஆவணியில் சின்னவனுக்குக் காதுகுத்து. "என் மகனைக் கீழே தள்ளினவன் மடியில் என் பேரன் உட்காரக் கூடாது" என்கிறார் மாமியார். தம்பியை அழைப்பதா, விடுவதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி, தம்பியை அழையுங்கள். முக்கியமாக, உங்கள் மகளுக்காக அழையுங்கள்.

"மகள் அடம்பிடித்தாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏறச் சொன்ன மாமா குற்றவாளி என்றால், முதலில் குதிரை கேட்ட தான் யார் என்று அந்தக் குழந்தை யோசிக்காமல் இருப்பாளா? பாட்டி மாமாவைத் திட்டும்போதெல்லாம் அந்தத் திட்டு அவள் மேலும்தான் விழுகிறது. இந்த வயதுப் பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், அல்லது திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். "நீ கேட்டதால் அப்பா விழவில்லை" என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

சொல்வது உண்மையும்கூட. குதிரை, வேட்டை மிருகங்களுக்குத் தப்பி ஓடியே பிழைத்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் வருவது தெரியாது. தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் தலையோ தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கிறது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் நன்றாகக் குதிரையேற்றம் பழகியவர். 1995 மே 27 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு போட்டியில், தலைக்கவசத்தோடுதான் ஓட்டினார். தாண்ட வேண்டிய தடுப்புக்கு முன்னால் குதிரை சட்டென்று நின்றது. அவர் தலைகுப்புற விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2004இல் இறந்தார். பழகியவருக்கே அந்த ஒரு நொடி கையில் இல்லை.

தம்பி மச்சானை ஆசையாகக் கூப்பிட்டது தப்பே இல்லை. வண்டி போகும் ரோட்டில், ஹெல்மெட் தராமல், குதிரை ஏறியே பழக்கமில்லாதவரைக் குதிரைக்காரர் சவாரிக்கு விட்டதுதான் தப்பு. அதற்குப் பொறுப்பு கேட்க விரும்பினால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். குதிரைக்காரரிடமிருந்து பெரிய தொகை வரும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். உங்கள் கணவருடைய சம்பளக் கணக்கோடு விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று வங்கியில் முதலில் கேளுங்கள்.

தம்பி வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் வெட்கமே காரணமாக இருக்கும். நலமா என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வராது. எனவே மன்னிப்பு, சமாதானம் என்று பேச்சைத் தொடங்காமல் ஒரு வேலையைக் கொடுங்கள்: "அடுத்த செக்கப்புக்கு மச்சானை நீ கூட்டிட்டுப் போ."

இனி உங்கள் கணவர். கோபம், மறதி, அசதி மூன்றும் அடிபட்ட மூளையின் விளைவு. முன்பக்க மூளையில் அடிபட்டால் கோபத்தை அடக்கும் திறனும் கணக்கு, திட்டமிடலும் ஒன்றாகப் பாதிக்கப்படும். வெளியே தழும்பு ஆறிவிட்டதால் வேண்டுமென்றே செய்கிறார் என்று மற்றவர்களுக்குத் தோன்றுகிறது. முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகும் நிற்காது, மெதுவாகத் தொடரும். ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நினைவுத்திறன், கவனம் பற்றிய பரிசோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்திலும் இந்த வசதி உண்டு. வலிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மது கூடவே கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும் வரை பைக்கும் வேண்டாம்.

விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் அடைந்த அரசு நிறுவன ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை தனிப் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகத்துக்கும் இது பொருந்தும். அவராக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கோருவது மிகவும் கடினம். மருத்துவச் சான்றுகளோடு மாற்றுப்பணி கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

காதுகுத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாமியார் சொன்னது இருக்கிறது, வேலை இடத்தில் சொன்னது இருக்கிறது, ஊர் சொல்வதும் இருக்கிறது. உங்கள் தம்பி வரலாமா என்று உங்கள் கணவரைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. விழுந்தவர் அவர், பையனுக்கு அப்பாவும் அவர். கோபம் வருகிறது என்பதால் வீட்டு முடிவுகளிலிருந்து அவரை விலக்கிவிட்டீர்களோ என்று கவலையாக இருக்கிறது. கேளுங்கள். காலையில், தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு, டிவியை அணைத்துவிட்டு, ஒரே கேள்வியாக: "சின்னவனை யார் மடியில் உட்கார வைக்கலாம்?" பதில் வர நேரமாகும். நீங்களே எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள். என்ன சொல்கிறாரோ அதை மாமியாரிடம் அவரே சொல்லட்டும். அந்தத் தாய்க்கு மருமகள் சொன்னால் ஏறாது, மகன் சொன்னால் ஏறும். ஒருவேளை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், தம்பி விருந்தாளியாக வந்து போகட்டும். மடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விசேஷத்தை ரொம்பப் பெரிதாக வைக்காதீர்கள். மைக் செட் வேண்டாம். இரைச்சலும் கூட்டமும் அவரை அரை மணி நேரத்தில் களைப்பாக்கிவிடும், அந்தக் களைப்புதான் கோபமாக வெளியே வரும். கோயிலில் என்றால் பக்கத்தில் ஓர் அறை பிடித்து வையுங்கள். குத்தி முடிந்ததும் அவர் போய்ப் படுக்கட்டும், பந்தியை மற்றவர்கள் கவனிப்பார்கள்.