ஜியோகேச் டப்பாவில் (ஜிபிஎஸ் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காக ஒளித்து வைத்தது) ஒரு டிராவல் பக் (எண் பொறித்த தகடு கொண்ட, டப்பாவுக்கு டப்பா பயணிக்கும் பொருள்) கிடைத்தது. எடுக்கலாமா? பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டுமா?

தாராளமாக எடுக்கலாம், பதிலுக்கு எதுவும் வைக்க வேண்டாம். எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வைப்பது டப்பாவில் கிடக்கும் பொம்மை, சாவிக்கொத்து வகையறாவுக்கான வழக்கம். டிராவல் பக்குக்குச் சொந்தக்காரர் வேறொருவர். அது ஊர் சுற்றுவதற்காக விடப்பட்டது.

முதலில் அதன் இணையப் பக்கத்தில் இலக்கைப் படியுங்கள். கடற்கரைகளுக்கு மட்டும் போக வேண்டும் என்று சிலர் எழுதியிருப்பார்கள். நீங்கள் மலைப்பக்கம் போகிறவர் என்றால் அங்கேயே விட்டுவிட்டு, பார்த்ததாக மட்டும் பதியுங்கள். எடுத்தால் அன்றே பதிவு செய்து, இரண்டு வாரத்துக்குள் வேறு டப்பாவில் விடுவது நல்லது. தாமதமானால் சொந்தக்காரருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். காணாமல் போய்விட்டதோ என்று அவர் தவித்துக்கொண்டிருப்பார்.

பலர் கோட்டை விடுவது குறியீட்டில்தான். இணையப் பக்கத்தில் டிபி (TB) என்று தொடங்கும் எண் எல்லாருக்கும் தெரியலாம். தகட்டில் பொறித்திருப்பது அப்படியில்லை. அது தெரிந்தால் பொருளைக் கையில் தொடாதவர்கூடப் பதிவு போடலாம். படம் எடுக்கும்போது அதை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டப்பா. பிளாஸ்டிக் பையின் ஓரம் மூடி இடுக்கில் மாட்டியிருந்தால் அடுத்த மழைக்கே, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் புத்தகம் கூழாகிவிடும். தின்பண்டம் வைக்காதீர்கள், வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவையே கடித்துவிடும். ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும், எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே மறைத்து வையுங்கள். இதைவிட நல்ல இடம் கண்ணில் பட்டாலும் நகர்த்த வேண்டாம்.