மூடி எங்கே போனது?

கேள்வி: அணுகுண்டு வெடித்துக் கிளம்பிய ஓர் இரும்பு மூடிதான் மனிதன் செய்த பொருட்களிலேயே அதிவேகமானதாம், முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்குக்கு முன்பே விண்வெளிக்குப் போய்விட்டதாம். நிஜமா?

பதில்: மூடி நிஜம். மற்றது சந்தேகம். 1957 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவின் நெவாடா சோதனைக் களத்தில், சுமார் 150 மீட்டர் ஆழக் குழிக்குள் குண்டை இறக்கி, வாயை ஏறக்குறைய 900 கிலோ இரும்புத் தகட்டால் அடைத்தார்கள். அந்தச் சோதனைக்குப் பாஸ்கல்-பி என்று பெயர். வெடித்தால் தகடு நிற்காது என்பது ராபர்ட் பிரவுன்லீ என்ற விஞ்ஞானிக்கு முன்பே தெரியும். எவ்வளவு வேகத்தில் போகும் என்று மேலதிகாரி விடாமல் கேட்டதால் அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது: பூமியை விட்டுத் தப்பும் வேகத்தைப்போல ஆறு மடங்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 66 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் காற்றும் கிடையாது, ஈர்ப்பும் கிடையாது என்பதையும் அவரேதான் சொன்னார், அதை யாரும் பரப்புவதில்லை!

சரி, அதைப் படம்பிடிக்க வைத்திருந்த கேமரா? ஒரே ஒரு ஃபிரேமில்தான் தகடு சிக்கியது. இரண்டில் இருந்தால்தானே எவ்வளவு தூரம் போனது என்று அளக்க முடியும். ஒன்றை வைத்துக்கொண்டு 'குறைந்தது இவ்வளவு வேகம்' என்று வேண்டுமானால் சொல்லலாம். விண்கற்கள் மேலே இருக்கும் மெல்லிய காற்றிலேயே எரிந்துபோகின்றன, இந்த மூடியோ தரையை ஒட்டிய அடர்த்தியான காற்றில் கிளம்பியது. ஆவியாகியிருக்கும் என்றுதான் பிரவுன்லீயும் நினைத்தார். தகடு திரும்பக் கிடைக்கவில்லை, அதனால்தான் கதைக்குக் கால் முளைத்தது.

66 என்றே வைத்துக்கொண்டாலும் இன்று அது சாதனை இல்லை. 2024 டிசம்பர் 24 அன்று, சூரியனை ஆராயும் நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் விநாடிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. இது சூரியனை வைத்து அளந்தது, மூடியின் வேகம் பூமியை வைத்துச் சொன்னது, அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் பார்க்கர்தான் முன்னால்.

கேள்வி: அப்படியானால் பார்க்கரில் இருப்பது எவ்வளவு பெரிய என்ஜின்?

பதில்: பெரிய என்ஜினே இல்லை. இருப்பதெல்லாம் திசை திருத்தும் குட்டி உந்திகள். 2018-ல் ராக்கெட் கிளப்பிவிட்டதோடு சரி, அப்புறம் அது சூரியனை நோக்கி விழுகிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இன்னும் கிட்டே விழ வேண்டுமென்றால் முதலில் சூரியனைச் சுற்றும் வேகத்தைக் குறைக்க வேண்டும், வெள்ளிக் கிரகத்தின் ஈர்ப்பு அந்த வேகத்தைக் குறைக்கும் என்பதற்காகவே அதை ஏழு முறை ஒட்டிப் போனது.