தினமும் வெட்டலாமா? ரப்பர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்துத் தோட்டக்காரர்களும் மற்றவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். வெட்டு என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. விலை எப்போது ஏறும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது என் துறை இல்லை, விட்டுவிடுகிறேன்.

கேள்வி (திருவட்டாறு): ஐயா, மரத்துக்கு ஐந்து வயசு. வெட்டு தொடங்கலாமா?

வயசைப் பார்க்காதீர்கள், சுற்றளவைப் பாருங்கள். ஒட்டுக் கன்று என்றால், ஒட்டுக்கு மேலே 125 செ.மீ. உயரத்தில் டேப் பிடித்தால் 50 செ.மீ. இருக்க வேண்டும். பத்தில் ஏழு மரம் அந்த அளவுக்கு வந்த பிறகு கத்தி எடுங்கள். பெரும்பாலும் ஏழு வருஷம் ஆகும். முந்தினால் மரம் தடிப்பது குறைந்துவிடும்.

கேள்வி (அருமனை): விடியும் முன்னே வெட்டச் சொல்வது ஏன்?

இரவில் இலை நீரை அதிகம் விடுவதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து ஒழுக்கு சீக்கிரம் நின்றுவிடும். குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக வெட்டினால்தான் நிறைய அறுபடும். சரிவு 30 டிகிரி. பட்டைக்கு உள்ளே இருக்கும் தடிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். தடியில் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், மறுபடி வெட்ட முடியாது.

கேள்வி (குலசேகரம்): பக்கத்துத் தோட்டத்தில் தினமும் வெட்டுகிறார்கள், பால் நன்றாகத்தான் வருகிறது. நாங்களும் செய்யலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகிறது. வருஷம் 300 நாள் வெட்டினால் 45 செ.மீ. 125 செ.மீ. உயரமுள்ள ஒரு பக்கம் (மரச்சுற்றில் பாதி) மூன்று வருஷத்துக்குள் தீரும், இரண்டு பக்கமும் ஆறு வருஷத்துக்குள். அப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பினால் அங்கே ஆறு வயசுகூட ஆகாத பிஞ்சுப் பட்டைதான் இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டினால் வருஷத்துக்கு 15 செ.மீ. ஒரு பக்கமே எட்டு வருஷம் வரும். இரண்டாம் பக்கம் முடியும்போது முதல் பக்கத்துப் பட்டைக்கும் எட்டு வயசுக்கு மேல் ஆகி, வெட்டத் தயாராக இருக்கும்.

இன்னொன்று பட்டை மரப்பு. வடிந்த பால் திரும்பச் சுரக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் ஒருநாள் வெட்டுச்சாலில் பால் வராது, பட்டை பழுப்பாகிக் கிடக்கும். நம் பக்கம் அதிகம் நட்டிருக்கும் ஆர்ஆர்ஐஐ 105 ரகம் இதற்கு எளிதில் ஆளாகும். பக்கத்துத் தோட்டத்தில் இன்றைக்கு வரும் பாலைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

கேள்வி (கடையால்): அண்ணாச்சி, நான் பால் வெட்டுகிறவன். இது தோட்டக்காரர் கணக்கு. மூன்று நாளுக்கு ஒருநாள் வேலை என்றால் என் வீட்டில் அடுப்பு எரியுமா?

நியாயமான கேள்வி. மரத்துக்குத்தான் ஓய்வு, உங்களுக்கு வேலை தினமும் இருக்க வேண்டும். தோட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, இன்று ஒன்று, நாளை ஒன்று, மறுநாள் ஒன்று என்று சுற்றி வெட்டுவதுதான் முறை. ஓய்வெடுத்த மரம் ஒரு வெட்டுக்குத் தரும் பாலும் கூடும்.

அதே ஊரைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவர்: எனக்கு 150 மரம்தான். மூன்றாகப் பிரித்தால் 50 மரத்துக்கு யார் வருவார்கள்?

வர மாட்டார்கள். ஒருவர் ஒரு காலையில் 300 மரத்துக்கு மேல் வெட்டுவார். அடுத்தடுத்த சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளை வைத்து, தோட்டத்தை நாள்முறையாகச் சுற்றலாம்.

மறுபடியும் கடையால்: அவர்கள் வரப்புக்கே சண்டை போடுகிறவர்கள், எப்படிச் சேர்வார்கள்?

சேர்க்க வேண்டியது ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களின் வேலை. கூலியையும் அங்கேயே பேசி முடிக்க வேண்டும். எடைக்கு மட்டும் கூலி என்றால் ஆழமாக, அடிக்கடி வெட்டத்தான் தோன்றும். வெட்டுகிறவரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, வெட்டுச்சாலில் மழைநீர் இறங்காமல் மரத்தில் மழைக்காப்பு ஒட்டி அவருடைய வேலைநாளைக் காப்பாற்றுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது.

கேள்வி (பேச்சிப்பாறை): வாரத்தில் ஆறு நாள் வெட்டினால்?

கூடாது. மேலே கணக்கு இருக்கிறது.

கேள்வி (கீரிப்பாறை): விலை ஏறும் மாதத்தில் மட்டும் தினமும்?

அப்போதும் கூடாது. பட்டைக்கு விலை தெரியாது.

கேள்வி (சென்னை): வீட்டுத் தொட்டியில் ரப்பர் செடி இருக்கிறது. பால் எடுக்கலாமா?

அது வேறு மரம், ஆலமரத்து இனம். மேகாலயாவில் வேரைப் பின்னிப் பாலம் கட்டுகிறார்களே, அந்த மரம். தோட்டங்களில் நிற்பது அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதை எடுத்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. தொட்டிச் செடிக்கு வீட்டுத்தோட்டக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): தேன்பெட்டி எப்போது வைக்கலாம்?

இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும் ஜனவரி முதல் மார்ச் வரை. தேனீக்குத் தேன் முக்கியமாகப் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் ஊறுகிறது. அதே நேரத்தில்தான் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் நாள் கேட்டுக்கொண்டு வையுங்கள்.

கேள்வி (கேகாலை, இலங்கை): பால் உறைய இங்கே சிலர் கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள், மலிவாம். சரியா?

வேண்டாம். ஷீட்டின் தரம் கெடும், உருளையும் அரிக்கும், கையில் பட்டால் வெந்துவிடும். ஃபார்மிக் அமிலமே வாங்குங்கள். தண்ணீரை முதலில் எடுத்து, அதில் அமிலத்தை ஊற்றி நன்றாக நீர்க்கச் செய்த பிறகே பாலில் சேருங்கள்.