10 லட்சம் கடன் வாங்கி மகளுக்குப் பிடித்த கல்லூரியில் சேர்ப்பதா, அரசுக் கல்லூரியில் கிடைக்கும் இடத்தை எடுத்துக்கொள்வதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. அவளுடைய கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில்தான் கிடைக்கும்போல் தெரிகிறது. சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அவள் கேட்கும் பாடம் இருக்கிறது. ஆனால் 10 லட்சம் கல்விக்கடன் எடுக்க வேண்டும்.

ஐயா, 2011-இல் உங்கள் மகள் இருக்கும் இடத்தில் நான் இருந்தேன். அப்பாவுக்குக் கோவில்பட்டியில் சின்னப் பலசரக்குக் கடை. கவுன்சிலிங்கில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எனக்கு ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னைக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை அதற்கு முந்தைய வாரம்தான் போய்ப் பார்த்திருந்தேன். ஏசி வகுப்பறை, மூன்று மாடி நூலகம், விடுதி வாசலிலேயே காபிக் கடை. கூடப் படித்த இரண்டு தோழிகள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். அங்கேயும் எனக்குக் கிடைத்தது அதே ஈசிஇதான். நான்கு நாள் அழுதேன், சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அப்பா வங்கிக்குப் போனார். 7 லட்சம் கடன். 4 லட்சத்துக்கு மேல் போனதால் ஜாமீன் கேட்டார்கள். பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டார்.

படிக்கும்போது கடன் கண்ணில் படவே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் வங்கியே கல்லூரிக்குப் பணத்தைக் கட்டிவிடும். நாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் முதல் தவணை போன நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது. அப்போது 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டி வந்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் சலுகை தரும் வழக்கம் வங்கிகளில் உண்டு. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை கிடைத்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கியபோது 7 லட்சம் என்பது ஏறத்தாழ 9 லட்சத்து 70 ஆயிரம் ஆகியிருந்தது. மாதத் தவணை 17,600 ரூபாய், ஏழு ஆண்டு. என் கைக்கு வந்த சம்பளம் 22,000.

மீதி 4,400 ரூபாயில் சென்னையில் யாரும் வாழ முடியாது. அதனால் விடுதி வாடகையை அப்பா கடையிலிருந்து அனுப்பினார். 2017-இல் ஊருக்குப் போயிருந்தபோது கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்த கடன்நோட்டை எதற்கோ எடுத்தேன். முன்பக்கங்களில் அரிசி, எண்ணெய் வாங்கிய வாடிக்கையாளர்களின் பாக்கி. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மாதம் மாதமாக எனக்கு அனுப்பிய தொகை. பக்கத்திலேயே, சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்கு அதே மாதம் கொடுக்காமல் நிறுத்திய தொகை. இரண்டும் ஒன்றுதான். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானும் நோட்டைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. தம்பி மட்டும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போகிறேன் என்றான். டிப்ளமோ முடித்து அரசுக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொண்டான். கடன் வாங்கவில்லை. அவனுக்கும் ஆசைகள் இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு நான் உங்களைக் கடனே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகள் கதை வேறு. ஒரே பாடம் இரண்டு இடத்திலும் கிடைத்தும் நான் வளாகத்துக்காகக் கடன் வாங்கினேன். அவள் பாடத்தைக் கேட்கிறாள். பிடிக்காத பாடத்தை நான்கு ஆண்டு இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு கொடுமை என்பதை என் அறைத்தோழியைப் பார்த்து அறிந்தவள் நான். பாடத்தின் மேல் உள்ள விருப்பத்துக்காக அளவோடு கடன்படலாம். ஆனால் அவள் விரும்புவது கம்ப்யூட்டர் சயின்ஸையா, அந்தக் கல்லூரியையா என்பதை முதலில் அவளிடமே கேளுங்கள். 'அதே பாடம் மதுரையிலோ கோவையிலோ ஒரு சாதாரணக் கல்லூரியில் கிடைத்தால் போவாயா?' என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று சரி என்றால் பாடம்தான். முகம் வாடினால் உட்கார்ந்து பேச வேண்டும். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பதினேழு வயதில் எனக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை.

அவள் சரி என்றால் நல்ல வழிகள் இருக்கின்றன. அரசுக் கவுன்சிலிங்கில் சிவிலோடு நின்றுவிட வேண்டியதில்லை. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கவுன்சிலிங்கில்தான் வரும். அங்கே கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் இந்த இரண்டும் கிடைக்காது. பொறியியலே வேண்டும் என்று இல்லாவிட்டால், அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து எம்.சி.ஏ. போகலாம். எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுதான். செலவு மிகக் குறைவு. உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், விடுங்கள்.

இப்போது உங்கள் 10 லட்சம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம், 10 சதவீத வட்டி, படிப்புக்கு அப்புறம் ஓராண்டு அவகாசம் என்று போட்டால், தவணை தொடங்கும்போது பாக்கி 13 லட்சத்து 50 ஆயிரம். பத்து ஆண்டில் கட்ட மாதம் சுமார் 17,800. பதினைந்து ஆண்டாக நீட்டினால் 14,500. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 26 லட்சம். கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வில் நிறையப் பேருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய வேலைதான். கல்லூரி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என்னைக் கேட்டால், மாதத் தவணை, அவள் வாங்கப்போகும் முதல் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கடன் வேண்டாம் என்பேன்.

கடன்தான் என்று முடிவானால், அந்தக் கல்லூரி 'பிஎம் வித்யாலட்சுமி' திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் வந்தது. பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் அடமானமும் ஜாமீனும் தேவையில்லை; குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகையும் வாங்காவிட்டால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்பு, அவகாசக் கால வட்டி விகிதத்தில் 3 சதவீத மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒன்றே ஒன்று, மறக்காமல் செய்யுங்கள். வங்கிக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னை அப்பா கூட்டிப் போகவில்லை. பிள்ளைக்கு எதற்குக் கவலை என்று நினைத்தார். படிவத்தில் முதல் பெயர் மாணவியுடையதுதான், பெற்றோர் இணைக் கடனாளி மட்டுமே. தவணை அட்டவணையை மேலாளரிடம் அவளே கேட்டு வாங்கட்டும். வீட்டுக்கு வந்து அவளே படித்துப் பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அதுவரை பல்கலைக்கழகத்திலிருந்து 'இன்றே முன்பணம் கட்டுங்கள், இடம் போய்விடும்' என்று எத்தனை முறை போன் வந்தாலும் கட்டாதீர்கள்.