தோட்டப்புற நகரத்து அரசு இடைநிலைப்பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளும் உண்மையிலேயே கலந்து படிக்கிறார்களா?

மகளைத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படிக்க வைத்துவிட்டு, உள்ளூர் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தந்தை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பள்ளியில் கலப்பு உண்டு, வகுப்பறைக்குள்தான் அதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரசுத் தமிழ்ப்பள்ளி ஆரம்பக் கல்வியோடு நின்றுவிடுகிறது. அதனால் 13 வயதில் பல இனத்தவரும் ஒரே வாசலில் வந்து சேர்கிறோம். உள்ளே நுழைந்ததுமே பிரிப்பு தொடங்கிவிடுகிறது. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்படும் வரை, அதில் மலாய்மொழியில் சறுக்கிய தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் நேரே முதலாம் படிவத்துக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கு, போக முடியவில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. நானும் உட்கார்ந்தேன். மலாயைச் சரிசெய்யத்தான் அந்த வகுப்பு. ஆனால் பேசிப் பழக அங்கே ஒரு மலாய் மாணவன்கூடக் கிடையாது! பக்கத்து மேசைக்காரன் எங்கள் தோட்டத்து லயத்துப் பையன். ஆசிரியை தலை மறைந்ததும் வகுப்பே தமிழுக்குத் தாவிவிடும். எந்தப் புண்ணியவான் யோசித்த ஏற்பாடோ.

பிறகு, முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. மணி அடித்ததும் பாதி வகுப்பு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அதில் எனக்குக் குறையில்லை. புள்ளி வாரியாக வகுப்பு பிரித்ததுதான் கெடுதல். கடைசி வகுப்புகளில் நம் பிள்ளைகளே நிறைந்திருந்தார்கள்.

எனக்கு மலாய் நாக்கில் ஏறியது ஹாக்கித் திடலில். தமிழில் கத்தினால் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பையன் பந்தைத் தருவானா? ‘சினி! சினி!’ (இங்கே! இங்கே!) என்று கையை ஆட்டத் தொடங்கியவன், ஆட்டம் முடிந்து சிராப் சர்பத் குடித்தபடி அவர்களோடு வாயடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

மகளைத் தாராளமாக அனுப்புங்கள். பள்ளியின் மொத்த இனக் கணக்கை விடுங்கள். அவள் எந்த வகுப்பில் உட்காரப்போகிறாள், உடன் யார் யார் என்று விசாரியுங்கள். ஏதாவதொரு விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, தமிழ் வகுப்பு. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி அதற்கு வகை செய்ய வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுங்கள். சனிக்கிழமை காலையில்தான் வகுப்பு என்றால் முகம் சுளிக்க வேண்டாம், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்த்தாளுக்கு நாங்கள் தயாரானதும் அப்படித்தான்.