வீட்ல இருக்கறவங்களுக்கு தொந்தரவு இல்லாம பியானோ பிராக்டிஸ் பண்றது எப்படி?

ரெண்டு பெட்ரூம் வாடகை ஃப்ளாட், அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குவாரு, டிஜிட்டல் பியானோ வாங்கி ஹெட்போன் மாட்டிக்கிட்டா பிரச்சனை தீர்ந்துடுமான்னு கேட்டிருக்கீங்க. பாதி தீரும். மீதி பாதி எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியவே எட்டு மாசம் ஆச்சு, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

நான் 38 வயசுல கத்துக்க ஆரம்பிச்சேன். சென்னைல ஒரு அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி, வீட்ல அத்தை, கணவர், பிளஸ் டூ படிக்கிற பொண்ணு. எனக்குன்னு நேரம் கிடைக்கிறதே ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான். ஹெட்போன் போட்டு, ரூம் கதவ சாத்தி, யாருக்கும் ஒண்ணும் கேக்காதுன்னு முழு நம்பிக்கையோட தினமும் ஒரு மணி நேரம் வாசிச்சுட்டிருந்தேன். ஒருநாள் காலைல காபி குடிக்கும்போது அத்தை கேட்டாங்க, "ஏம்மா, ராத்திரி பத்து மணிக்கு யாரு வீட்ல காய் நறுக்குறாங்க? டொக்கு டொக்குன்னு சுவத்துக்குள்ள கேக்குது"ன்னு. எனக்கு அப்பவும் உறைக்கல. அடுத்த வாரம் கீழ்வீட்டு அக்கா லிஃப்ட் பக்கத்துல நிறுத்தி அதையேதான் கேட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் பொண்ணுகிட்ட ஹெட்போனக் குடுத்து, தெரிஞ்ச மாதிரி வாசின்னு சொல்லிட்டு நான் கீழ அக்கா வீட்டுக்குப் போய் அவங்க பெட்ரூம் கட்டில்ல உக்காந்தேன். ஃபேன ஆஃப் பண்ணாங்க. அப்ப கேட்டுச்சு பாருங்க. சுரம் ஒண்ணு கூட கேக்கல, வெறும் அடி மட்டும் சீலிங்லேருந்து இறங்குது. அவ எந்த இடத்த வாசிக்கிறான்னு தாளத்த வச்சே என்னால சொல்ல முடிஞ்சுது, பெடல் மிதிக்கிறது வேற தனியா தொம் தொம்னு விழுது. எட்டு மாசமா தினமும் அவங்க இதக் கேட்டுட்டே தூங்கிருக்காங்கன்னு நினைச்சப்ப மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

நம்ம காதுக்கு எட்டாத சத்தம்தான் மத்தவங்களுக்குப் போய்ச் சேருது, நான் சொல்ல வர்றதே இதுதான். வெயிட்டட் கீ இருக்கிற டிஜிட்டல் பியானோல ஒவ்வொரு கீக்கும் உள்ள ஒரு சின்ன சுத்தியல் மாதிரி எடை இருக்கும். விரல் அழுத்தினதும் கீ போய் அடில இடிக்கும், அந்த இடி ஸ்டாண்ட் வழியா தரைக்குப் போயி, தரைலேருந்து கான்கிரீட் ஸ்லாபுக்கும் சுவருக்கும் பரவிடும். காத்துல வர்ற சத்தத்த கதவு சாத்தி குறைக்கலாம், கட்டடத்துக்குள்ள ஓடுற அதிர்வுக்கு கதவு ஒரு தடையே கிடையாது. நானும் முதல்ல தெரியாம சுவர் பூரா முட்டை அட்டை மாதிரி இருக்கிற ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டினேன், மூவாயிரம் ரூபாய்க்கு மேல போச்சு. அது ரூமுக்குள்ள எதிரொலியக் குறைக்கும் அவ்ளோதான், பக்கத்து ரூமுக்குப் போறத நிறுத்தாது. தயவுசெஞ்சு அதுல காசு போடாதீங்க.

எனக்கு வேலை செஞ்சது என்னன்னா, முதல்ல இடத்த மாத்தினேன். அத்தை ரூமோட பொதுச் சுவர்ல ஒட்டி இருந்த பியானோவ எடுத்து வெளிச்சுவர் பக்கம், தூணும் பீமும் சேர்ற மூலைக்குக் கொண்டு போனேன், சுவத்துலேருந்து நாலு விரக்கடை தள்ளி. ஸ்லாபோட நடுப்பகுதிதான் அதிகமா அதிரும், மூலைல அந்த அளவுக்கு இருக்காது. அப்புறம் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல ஸ்டாண்டும் பெடலும் நிக்கிற அளவுக்கு ஒரு பலகை அறுத்து வாங்கி, அதுக்கு அடில ஜிம்முக்குப் போடுற ரப்பர் மேட்ட துண்டு துண்டா வெட்டி ஆறு இடத்துல வச்சேன். முழுசா விரிக்கிறத விட துண்டா வைக்கிறது நல்லது, ஏன்னா ரப்பர் எடை தாங்கி கொஞ்சம் அமுங்கினாத்தான் ஸ்பிரிங் மாதிரி அதிர்வ வாங்கிக்கும். அதுக்காக ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கிற ஃபோம வச்சீங்கன்னா எடைல அப்படியே சப்பையாயிடும், வச்சதும் வைக்காததும் ஒண்ணுதான். டென்னிஸ் பால பாதியா வெட்டி பலகைக்கு அடில வைக்கிறவங்களும் இருக்காங்க, அதுவும் ரப்பர் துண்டு மாதிரி ஸ்பிரிங்கா இருக்கட்டும்னுதான். எக்ஸ் மாதிரி மடக்குற ஸ்டாண்ட் வாங்காதீங்க, அது வாசிக்கும்போது ஆடும், நாலு கால் நேரா நிக்கிற மர ஸ்டாண்டே பரவாயில்ல. பலகை போட்டதுக்கு அப்புறம் மறுபடியும் கீழ்வீட்டுக்குப் போய் உக்காந்து கேட்டேன், ஃபேன் ஓடினா ஒண்ணும் தெரியல, ஃபேன் நின்னா லேசா தெரியுது. ஃபேன் ஓடாத நாளே இங்க கிடையாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க.

ஹெட்போன் விஷயத்துக்கு வர்றேன். ப்ளூடூத் வேண்டாம், கீய அழுத்தினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இடைவெளி விழும், பாட்டு கேக்கும்போது அது தெரியாது ஆனா வாசிக்கும்போது விரலே தடுமாறிடும். வயர் வச்சதுதான் வேணும், நிறைய பியானோல பெரிய 6.3 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும், அதுக்கு ஒரு சின்ன அடாப்டர் வாங்கிக்கோங்க. பின்பக்கம் மூடின டைப் எடுங்க. திறந்த டைப்ல ஒலி அழகா இருக்கும், ஆனா பக்கத்துல தூங்குறவங்களுக்கும் கேக்கும். வால்யூம் கூட்டி வச்சு மணிக்கணக்கா வாசிக்காதீங்க, உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவே 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான், சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளன்னு குறையும்.

வால்யூம்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, இத யாரும் எனக்குச் சொல்லல. ராத்திரிங்கிற பயத்துல நான் கீய மெதுவா தடவித் தடவி வாசிச்சு, ஹெட்போன் வால்யூம மட்டும் கூட்டி வச்சு பழகிட்டேன். டீச்சர் வீட்ல இருக்கிறது நிஜமான அப்ரைட் பியானோ, அதாவது தந்தியெல்லாம் செங்குத்தா இருக்கிற பியானோ. அதுல உக்காந்தா பாதி சுரம் எழும்பவே மாட்டேங்குது. "விரல் மேலாப்புலயே போகுது, கீயோட அடி வரைக்கும் போகவே இல்ல"ன்னாங்க. அதத் திருத்தவே மூணு மாசம் ஆச்சு. இப்ப வால்யூம் ஸ்லைடர் பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன், டீச்சர் வீட்டு பியானோ சத்தத்துக்கு ஓரளவு பொருந்துற இடம் அது, பகலோ ராத்திரியோ அந்தப் புள்ளிலதான் நிக்கும்.

ஹெட்போன் போட்டா வீட்ல கூப்பிடுறது நமக்குக் கேக்காது, அதுவும் அவங்களுக்குத் தொந்தரவுதான். அத்தை மாத்திரைக்கு வெந்நீர் கேட்டு மூணு தடவ கூப்பிட்டு அப்புறம் தானே எழுந்து போனாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு ஏற்பாடு பண்ணோம். என் ரூம் வாசல்ல வந்து லைட் ஸ்விட்ச ரெண்டு தடவ போட்டு அணைச்சா நான் உடனே எழுந்துடணும்.

அப்புறம் ஸ்பீக்கர்ல வாசிக்கிற நேரம். தினமும் கொஞ்ச நேரமாவது வெளிய கேக்குற மாதிரி வாசிச்சாத்தான் கை வரும், அதனால வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு வெளிப்படையா கேட்டுட்டேன், எது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு. சத்தம்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அத்தை சொன்னது வேற: "சத்தம் இல்லம்மா, பாதில நின்னு நின்னு அதே இடத்துக்குத் திரும்ப வர்றியே, அதுதான் மனசுக்கு ஒருமாதிரி இருக்கு." யோசிச்சுப் பாத்தா அது உண்மை. பாட்டுல நாலே நாலு பார, அதாவது நாலு தாளக் கட்டத்த, முப்பது தடவ வாசிக்கிறது நமக்கு வேலை, கேக்குறவங்களுக்கு முடியாத ஒரு வாக்கியம். அன்னைலேருந்து ஸ்கேல்னு சொல்ற சுர வரிசைப் பயிற்சி, ஒத்தக் கை, தப்பு வர்ற இடம் எல்லாமே ஹெட்போன்ல. முழுசா வாசிக்கத் தெரிஞ்சத மட்டும் சாயங்காலம் ஆறரைலேருந்து ஏழு வரைக்கும் ஸ்பீக்கர்ல. பொண்ணு பரீட்சை மாசத்துல அதுவும் கிடையாது. அந்த மாசம் பாட்டோட இசைக்குறிப்பு எழுதின தாள மடில வச்சு பியானோவையே தொடாம, தொடை மேல விரல் வச்சு எந்த விரல் எங்க போகணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன், மனப்பாடம் ஆனது பெரும்பாலும் அப்பதான்.

சட்டப்படி ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் குடியிருப்புப் பகுதில வரம்பு 45 டெசிபல், பகல்ல 55. ஆனா உங்க அப்பாவுக்கு ராத்திரியே பகல்லதான், அதனால அவரோட தூக்க நேரத்தத்தான் நீங்க கணக்குல எடுக்கணும்.

கமெண்ட்ல ஒருத்தர் நிஜ அப்ரைட் பியானோ இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாரு. நிறைய அப்ரைட்ல நடு பெடல் பிராக்டிஸ் பெடல்தான், மிதிச்சு பக்கவாட்டுல நகத்தி பூட்டினா சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு கம்பளிப் பட்டை இறங்கும், சத்தம் நல்லாவே அமுங்கும். சுத்தியல் தந்தியத் தொடறதுக்கு முன்னாடியே நின்னு ஹெட்போன்ல மட்டும் கேக்குற சைலண்ட் பியானோவ யமஹா 1993ல கொண்டு வந்தாங்க, ஆனா விலை நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப அதிகம்.

நீங்க எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது, பியானோ வைக்கப் போற இடத்துல ஒரு மர ஸ்டூல வச்சு தம்பியையோ தங்கச்சியையோ விரலால வேகமா தட்டச் சொல்லிட்டு, நீங்க போயி அவர் கட்டில்ல அவர் தலைகாணில தலைய வச்சுப் படுங்க. ஃபேன நிறுத்திட்டு கேளுங்க. அடி கேட்டுச்சுன்னா வேற மூலைக்கு மாத்தி மறுபடியும் படுத்துக் கேளுங்க. கட்டில் தலைமாடு சுவத்த ஒட்டி இருந்தா ஒரு சாண் தள்ளிப் போட்டுடுங்க, அதுலயே கொஞ்சம் குறையும்.