பிராந்தெல்லோவை எதற்கு இழுக்கலாம்?

கேள்வி: ஆங்கில நாளிதழின் அரசியல் கட்டுரை ஒன்றில், கூட்டணிக் குழப்பத்தைப் ‘பிராந்தெல்லியன் நிலைமை’ என்று எழுதியிருந்தார்கள். யார் இவர்? எதற்கெல்லாம் இவர் பெயரை இழுக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர்களின் சட்டைப்பையில் சில பெயர்கள் தயாராக இருக்கும். எழுத்தாளர்கள் காஃப்கா, ஆர்வெல், கொஞ்சம் அதிகம் படித்தவர் என்று காட்டிக்கொள்ள வேண்டுமானால் பிராந்தெல்லோ.

லூயிஜி பிராந்தெல்லோ இத்தாலிய நாடகாசிரியர், சிசிலித் தீவுக்காரர். 1867இல் பிறந்தார், 1934இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ‘ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்’ என்ற நாடகம். மேடையில் ஒத்திகை நடக்கிறது. அதுவும் பிராந்தெல்லோவின் நாடகம்தான். சமையல்காரர் தொப்பி போட்டுக்கொண்டு முட்டை அடிக்க வேண்டுமா என்று கதாநாயக நடிகர் முறைத்துக்கொள்கிறார். இந்த ஆள் எழுதுவது யாருக்கும் புரிவதில்லை என்று இயக்குநர் புலம்புகிறார். அப்போது ஆறு பேர் உள்ளே வருகிறார்கள். தங்களைக் கற்பனை செய்த ஆசிரியர் பாதியில் கைவிட்டுவிட்டாராம். தங்கள் கதையை மேடையேற்ற வேண்டுமாம். நடிகர்கள் நடித்துக் காட்டினால், ‘இது நானில்லை’ என்று சிரிக்கிறாள் அந்தக் கூட்டத்துப் பெண். கடைசியில் சிறுவன் ஒருவன் சுட்டுக்கொள்கிறான். செத்துவிட்டான் என்று சிலர், நடிப்பு என்று சிலர். இயக்குநருக்கோ ஒருநாள் ஒத்திகை வீணாய்ப் போன எரிச்சல்.

1921 மே மாதம் ரோம் நகரின் வால்லே அரங்கில் இது முதன்முதலாக நடந்தபோது ‘பைத்தியக்கார விடுதி!’ என்று ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஆசிரியர் மகளோடு பக்கவாசல் வழியாகத் தப்பிப் போனார்.

உங்கள் கட்டுரையாளரிடம் வருகிறேன். யார் எந்த அணியில் என்று தெரியாதது வெறும் குழப்பம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசுவது பொய். இவற்றுக்குச் சிசிலியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டியதில்லை. கோப்பு மேசை மேசையாக அலைந்தால், அது அதிகார அலுவலகங்களின் புதிரில் சிக்கிய மனிதர்களை எழுதிய காஃப்காவின் பேட்டை.

பிராந்தெல்லோவுக்கு உரியது எது என்று பார்க்க ‘நான்காம் ஹென்றி’ நாடகமே நல்ல உரைகல். மாறுவேட ஊர்வலத்தில் ஜெர்மானியப் பேரரசன் நான்காம் ஹென்றியாக வேடம் போட்டவன் குதிரையிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, தானே பேரரசன் என்று நம்பிவிடுகிறான். உறவினர்கள் கூலிக்கு ஆள் வைத்து அரசவை நடத்துகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் புத்தி தெளிகிறது. ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் இன்னும் எட்டு ஆண்டுகள் பேரரசனாகவே இருக்கிறான். இறுதியில் பழைய எதிரியை வாளால் குத்திவிடுகிறான். இனி பைத்தியமாக இருந்தால்தான் தண்டனையிலிருந்து தப்பலாம். வேடம் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது. இந்த அளவுக்கு வந்தால் தாராளமாகப் ‘பிராந்தெல்லியன்’ என்று எழுதுங்கள். ‘தலைவரைத் தேடும் ஆறு கட்சிகள்’ போன்ற தலைப்புகளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தேய்ந்து போய்விட்டன.

கேள்வி: அவர் முசோலினியின் ஆளாமே?
– வாசகர், திருச்சி

பதில்: ஆம். 1924இல், சோஷலிஸ்ட் தலைவர் மத்தேயோத்தி கொலையுண்டு பாசிஸ்டுகளின் பெயர் நாறிக்கொண்டிருந்த நேரத்தில், கட்சியில் சேரத் தாமாகவே தந்தி அடித்தார். 1935இல் இத்தாலி அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது தொடுத்த போருக்காக நோபல் பதக்கத்தையே உருக்கக் கொடுத்தார். ஆனால் 1936இல் இறந்தபோது ஆட்சிக்கு அரசு மரியாதை நடத்த வழி வைக்கவில்லை. ஏழைகளுக்கான சவ வண்டி போதும், யாரும் உடன் வரக்கூடாது, எரித்துவிடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். இதையெல்லாம் பார்த்து அவரை எதிர்ப்பாளர் என்று கழுவி எடுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தந்தி தந்திதான்.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: நாடகம் வாசித்துப் பழக்கமில்லை என்றால் 1904இல் வந்த ‘காலஞ்சென்ற மத்தியா பாஸ்கல்’ நாவல். சூதாட்டத்தில் பணம் குவித்துத் திரும்புகிறவன், தான் செத்துவிட்டதாகப் பத்திரிகையில் படிக்கிறான். மனைவியும் மாமியாரும் யாருடைய பிணத்தையோ அவன்தான் என்று அடையாளம் காட்டிவிட்டார்கள்! பழக்கம் இருந்தால் நேரே ‘நான்காம் ஹென்றி’. ‘ஆறு பாத்திரங்க’ளை அதற்குப் பிறகு எடுங்கள், முடிந்தால் யாராவது மேடையேற்றும்போது பாருங்கள்.